அணைத் தண்ணீரில் என் மாமியார்

நான் வாழ்க்கைப்பட்ட வீடு ஜவ்வாது மலையின் தெற்கு விளிம்பில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சாமைக்கொல்லை. கொல்லை முடியும் இடத்தில் புளியமரங்கள். அதற்கப்பால் மலை சட்டென்று இறங்கிவிடும். புளியமரத்தடியில் நின்று தெற்கே பார்த்தால் செங்கம் பக்கத்து வயல்களும் பனைகளும் பொடிப்பொடியாகத் தெரியும். அவற்றையெல்லாம் தாண்டி, வெகு தொலைவில், நீளமாக ஒரு வெளிச்சக் கோடு. விடிகாலையில் அது இருக்காது. வெயில் ஏற ஏறத்தான் தெளியும். அது அணையில் தேங்கி நிற்கும் தண்ணீர்.

அந்தக் கோட்டின் மேல் என் மாமியாருக்கு ஒரு கண். களை எடுக்கும்போது முதுகை நிமிர்த்தினால் அந்தப் பக்கம்தான் திரும்புவார். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் கேட்டேன்.

"இன்னா அத்தே, அங்கியே பாக்கறீங்க?"

"தண்ணியப் பாக்கறேன். இம்மாந் தூரத்துலேர்ந்து பாத்தாலே இத்தினி பெருசா இருக்குதே, கிட்டப் போனா எம்மாம் பெருசா இருக்கும்? நீ பாத்திருக்கியா?"

பார்த்திருந்தேன். அடிவாரத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், பள்ளிக்கூடத்தில் அணைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். மதகுக்கு மேலே வரிசையாக நடந்தோம். பூங்காவில் பொட்டலம் சாப்பிட்டோம். அவ்வளவுதான். மாமியார் விடவில்லை. தண்ணீர் என்ன நிறம், எதிர்க்கரை தெரியுமா, அலை அடிக்குமா, மணம் எப்படி என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குப் பாதிக்கு மேல் பதில் தெரியவில்லை. நான் சரியாகப் பார்க்கவேயில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவர் அப்படித்தான். ஐம்பதை நெருங்கும் வயது, நெடுநெடுவென்ற உயரம், சிரித்தால் நாலு வீடு கேட்கும். மலைக்கு ஜீப் வந்தால் ஓட்டுகிறவரிடம் போய் எந்தக் கட்டையை அழுத்தினால் நிற்கும் என்று கேட்பார். ஊசி போட வரும் நர்சம்மாவிடம் அந்த மருந்தை எதில் இருந்து எடுக்கிறார்கள் என்று கேட்பார். கேட்பதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. பதில் சொன்னவர்களை மறக்கவும் மாட்டார். எனக்கோ பத்தாவது வரை படித்திருந்தும் யாரிடமும் வாய் திறக்கப் பயம். அந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம் முழுக்க நான் அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் நாத்தனாரை அணைக்குத் தென்கரையில் இருந்த ஒரு சிற்றூரில் கொடுத்திருந்தோம். எங்கள் சனம்தான், எப்போதோ அந்தப் பக்கத்து மலையில் குடியேறியவர்கள். தண்ணீருக்காகத்தான் பெண்ணைக் கொடுத்தாள் என்று மாமியாரை ஊரில் கேலி பேசுவார்கள். ஆனால் கல்யாணத்துக்குச் சுற்றுவழியில், மூடிய லாரியில் போனதால், அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. அதில் அவருக்குப் பெரிய ஆதங்கம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வைகாசி. நாத்தனாருக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். எங்கள் வழக்கப்படி, பெண்ணைப் பெற்றவள் வகைவகையாகக் கட்டுச்சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு போய், சம்பந்தி வீட்டாருக்கும் அவர்களுடைய பங்காளிகளுக்கும் பரிமாறிவிட்டுத்தான் பெண்ணைக் கூட்டி வர வேண்டும். மாமனாருக்குப் பஸ் ஏறினாலே வாந்தி. என் கணவருக்கு வனத்துறையில் கன்று நடுவதற்குக் குழி வெட்டும் வேலை. ஆகவே நானும் மாமியாரும் போவது என்று முடிவாயிற்று.

"செங்கத்துல பஸ் ஏறினா சுத்திகினு போய் எறங்கிடலாம்" என்றார் மாமனார்.

"அணைலேர்ந்து அந்தக் கரைக்குத் தோணி போவுதாம். நாங்க அதுல போறோம்."

"தண்ணியில போறதுக்கு நீ இன்னா மீனா?"

"மீனு டெய்லி போவுது. நான் ஒரே ஒரு நாள் போய்ட்டு வர்றேன், வுடு" என்றார் மாமியார். பேச்சு அத்தோடு முடிந்தது.

முந்தின நாளே இறங்கி, அணைக்கு அருகே குடியிருந்த ஒரு பெண்ணின் வீட்டில் தங்கினோம். மாமியாருக்குத் தங்கை முறை. விடியுமுன் எழுந்து மூன்று பேரும் சமைத்தோம். எங்கள் மரத்துப் புளியில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். எல்லாவற்றையும் தூக்குகளிலும் குண்டான்களிலும் அடைத்து, வாயில் வாழையிலை வைத்துத் துணியால் கட்டினோம். வெயில் தரையைத் தொடும் நேரத்தில் துறைக்கு வந்துவிட்டோம்.

அங்கே பெரும்பாலும் பரிசல்கள்தான். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மரத்தோணி ஒன்றுதான் நின்றது, தட்டையான அடி, தார் பூசிய பக்கங்கள். ஒரு தம்பதி அதை ஓட்டினார்கள். துறை துறையாக உப்பு மூட்டை, சீமெண்ணெய் டின், அரிசி எல்லாம் இறக்கிவிட்டு, திரும்பும்போது மீன் ஏற்றி வருவார்கள். தோணிக்காரர் கட்டை குட்டையான மனிதர், முகத்தில் சிரிப்பே இல்லை. எங்கள் பாத்திரங்களைப் பார்த்ததும் புருவத்தை நெரித்தார்.

"ஒவ்வொரு தொறையிலயும் நின்னு எறக்கிட்டுத்தான் போவேன். பொழுது சாயறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் உங்க ஊரு வரும். அவசரம்னா பஸ்ல போய்டுங்க."

"அவசரமா? யாருக்கு?" என்றார் மாமியார்.

பின்னால் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த தோணிக்காரரின் மனைவி களுக்கென்று சிரித்துவிட்டார். "ஏறுக்கா, ஏறு. இந்தாளு பேச்சு அப்பிடித்தான் இருக்கும்."

நான் ஏறியபோது தோணி ஒரு பக்கம் சாய்ந்தது. உப்பு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக முன்முனைக்குப் போய், இரண்டு பக்கமும் கையை ஊன்றி உட்கார்ந்தார். கழியை ஊன்றித் தள்ளியதும் கரை எங்களை விட்டு விலகியது. கூச்சல், தேங்கிய மீன் வாடை, பரிசல்களைச் சுற்றித் திரிந்த நாய்கள் எல்லாம் மெதுவாகப் பின்னால் போயின. துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது.

கோடை முடியும் சமயம் என்பதால் தண்ணீர் இறங்கியிருந்தது. மலைச்சரிவுகளில் தண்ணீர் நின்ற மட்டங்கள் கோடுகோடாகத் தெரிந்தன. கிளையெல்லாம் போன பட்டமரங்கள் தண்ணீருக்கு நடுவே நின்றன, ஒவ்வொன்றிலும் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. மாமியார் கையைத் தண்ணீரில் விட்டு, அள்ளி, ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"நம்ம சுனைத் தண்ணி மாதிரி இல்ல. ஆனா நல்லாத்தான் இருக்குது."

"கைய ரொம்ப நேரம் வுடாதேக்கா. மொதல இருக்குது" என்றார் தோணிக்காரரின் மனைவி.

நான் உப்பு மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமியார் கையை எடுத்துக்கொண்டார், ஆனால் கண்கள் பளபளத்தன. "எங்க? காட்டேன்."

கொஞ்ச நேரத்தில் ஒரு சேற்று மேட்டில் உண்மையாகவே கிடந்தது. முதலில் நான் அதை மரக்கட்டை என்று நினைத்தேன். வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தோணி கிட்டே போனதும் அவசரமே இல்லாமல் சறுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமியார் அது போன இடத்தையே பார்த்துக்கொண்டு, "இன்னா அழகா எறங்குது பாரு, ஒரு சொட்டுத் தண்ணி தெறிக்கல" என்றார்.

முதல் துறைக்குக் கொஞ்சம் முன்னால் தோணி ஒரு முனையைச் சுற்றித் திரும்பியது. அதுவரை முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்த மாமியார் என்னவோ தோன்றித் தலையைத் திருப்பினார். வடக்கே, அணைக்கும் வயல்களுக்கும் அப்பால், வானத்தின் பாதி உயரத்துக்கு நீலமாக ஒரு சுவர் நின்றது. மேலே மேகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது எந்த மலை, தம்பி?"

"அதானா? ஜவ்வாதுமலை. உங்க மலைதான்."

மாமியார் எழுந்து நின்றுவிட்டார். தோணி ஆடியது. தோணிக்காரர் "ஒக்காரு, ஒக்காரு" என்று கத்தினார். மாமியார் காதில் விழவில்லை. நான் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"அதுலயா நாம இருக்கறோம்?" என்று என்னிடம் கேட்டார், குரல் தாழ்ந்து போயிருந்தது. "அவ்வளோ ஒசரத்துலயா? எனக்கு இத்தினி நாளா ஒருத்தரும் சொல்லலியே, நம்ம வூடு இப்பிடி இருக்குதுன்னு."

நானும் பார்த்தேன். அந்த நீலத்துக்குள் எங்கள் கொல்லையும், ஓட்டை விழுந்த கூரையும், ஏர் மாடுகளும், என் கணவர் வெட்டும் குழிகளும் இருக்கின்றன என்று நம்பவே முடியவில்லை. மலையில் இருக்கும்போது மலை தெரிவதில்லை. கல்லும் முள்ளும் மேடும்தான் தெரியும். மாமியார் அதற்குப் பிறகு துறை வரும்வரை பின்பக்கமாகத் திரும்பியே உட்கார்ந்து வந்தார்.

முதல் துறையில் ஒரு பெரிய மாமரம். அதன் நிழலில் ஒருவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார், இன்னொரு பக்கம் டீக்கடை, கிழங்கும் மாம்பழமும் கூறு கட்டிய சாக்கு விரிப்புகள். சீமெண்ணெய் டின்களை இறக்கிக் கடைக்காரரோடு தோணிக்காரர் பேசி முடிப்பதற்குள் மாமியார் அந்த ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்து, எந்த மீனை எத்தனை வெயில் போட வேண்டும் என்று கேட்டார். அவர்கள் மலைத்தேனைப் பற்றிக் கேட்டார்கள். சம்பந்திக்கு என்று கொண்டு வந்த தேனில் விரல் தொட்டு நக்கக் கொடுத்தார். தோணி கிளம்பும்போது அவர் மடியில் ஒரு பொட்டலம் கருவாடு இருந்தது, முன்பின் தெரியாத நாலு பெண்கள் இடுப்பளவு தண்ணீருக்கு வந்து வழியனுப்பினார்கள்.

அடுத்த துறை தூரம். இடையில் காற்று இல்லை, தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. தோணிக்காரர் முன் துடுப்பும் அவர் மனைவி பின் துடுப்பும் போட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டு துடுப்பும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள், மனைவியின் தங்கை வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று. சண்டை சூடாகும்போதுகூட துடுப்பு தப்பவில்லை. நானும் என் கணவரும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் ஒரு கட்டிலைச் சேர்ந்து தூக்கி வைக்கத் தெரியாதவர்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது.

"எங்கிட்ட குடேன் ஒருதரம்" என்று மாமியார் பின்துடுப்பைக் கேட்டார்.

அந்த அம்மாள் தயங்காமல் எழுந்து இடம் கொடுத்தார். மாமியார் இழுத்த முதல் இழுப்பில் தோணி வந்த வழியே திரும்பிவிட்டது. இரண்டாவது இழுப்பில் தோணிக்காரர் முதுகெல்லாம் தண்ணீர். அவர் திரும்பி முறைத்தார். மாமியார் சிரித்த சிரிப்பில் பட்டமரத்துப் பறவைகள் எழுந்து பறந்தன. என் பயம் எப்போது போனது என்று கேட்டால் அந்த இடம் என்றுதான் சொல்வேன். உப்பு மூட்டையை விட்டுவிட்டு நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"இழுக்காதேக்கா. தண்ணியப் பின்னால தள்ளு. அவரு தோளப் பாரு, அது எப்போ சாயுதோ அப்போ நீயும் சாய்" என்றார் தோணிக்காரரின் மனைவி.

கொஞ்ச தூரத்தில் தோணி நேராகப் போக ஆரம்பித்தது. மாமியாருக்கு வியர்த்துக் கொட்டியது. கையில் கொப்புளம் வந்தும் துடுப்பைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. தோணிக்காரரே கடைசியில், "பரவால்லியே, கூலிக்கு ஆளு வேணாம் போல இருக்குது" என்றார். அன்று அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

உச்சி வெயில் தாண்டியபோது மேற்கே வானம் கறுத்தது. கோடை மழை எப்படி வரும் என்று மலையில் எங்களுக்குத் தெரியும். ஆனால் தண்ணீரில் அது வருகிற விதமே வேறு. முதலில் பறவைச் சத்தம் அடங்கியது. பிறகு தூரத்தில் தண்ணீர் முழுவதும் உரோமம் சிலிர்த்த மாதிரி கறுத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. கணவனும் மனைவியும் சண்டையை நிறுத்திவிட்டு, மூச்சுப் பிடித்துத் துடுப்புப் போட்டார்கள். பாறைகளாக இருந்த இரண்டாவது துறையில் தோணியை இழுத்துக் கட்டவும் ஆலங்கட்டி விழவும் சரியாக இருந்தது. பாத்திரங்களை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு மீன் எடை போடும் கொட்டகைக்கு ஓடினோம்.

அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். வலையோடு ஒதுங்கிய மீனவர்கள், சந்தைக்குப் போய்த் திரும்பிய பெண்கள், ஆடு மேய்க்கும் ஒரு கணவன் மனைவி. அவர்களுடைய ஆடுகளும் உள்ளே வந்துவிட்டதால் நிற்கத்தான் இடம். மழை விடவில்லை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. மீனவர்கள் காலையிலிருந்து தண்ணீரில் இருந்தவர்கள். அடுப்பு மூட்டிக் கஞ்சி வைக்க இருந்த இடத்தில் இப்போது முழங்கால் வெள்ளம் ஓடியது. ஆட்டுக்காரப் பெண் ஈரச் சேலையோடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். புளிச்சோற்றின் வாசனை துணிக்கட்டையும் மீறிக் கொட்டகை முழுக்க நின்றது. எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள்.

மாமியார் பாத்திரங்களைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். எனக்கு அவர் மனசு புரிந்துவிட்டது.

"அத்தே, வேணாம். சம்மந்தி வூட்டுக்குக் கொண்டுபோறது. பங்காளிங்க எல்லாரையும் கூப்ட்டு வெச்சிருப்பாங்க."

"தெரியும்டி."

"வெறும் பாத்திரத்தோட போய் நின்னா இன்னா நெனைப்பாங்க? நாளைக்கு உங்க பொண்ணைத்தானே குத்திக்காட்டுவாங்க."

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முகம் கனத்துத்தான் இருந்தது. பிறகு சொன்னார்: "வவுத்துப் புள்ளக்காரிக்குன்னு ஆக்கின சோறு. பசிச்சவங்க எதிர்ல மூடி வெச்சிகினு நின்னுட்டு, அத்தக் கொண்டுபோய் எம் பொண்ணுக்கு ஊட்டறதா? என்னால ஆவாது. பேச்சு வந்தா நான் வாங்கிக்கறேன்."

ஒரு தூக்கில் ஒவ்வொரு சோற்றிலும் கொஞ்சம் எடுத்து மகளுக்கென்று தனியே மூடிவைத்தார். மீதியை அவிழ்த்தார். கொட்டகை ஓரத்தில் நின்ற பாதாம் மரத்தின் இலைகளை ஒரு மீனவர் நனைந்துகொண்டே போய்ப் பறித்து வந்தார். மாமியார் அள்ளி வைக்க நான் கொடுத்தேன். ஆட்டுக்காரப் பெண் முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் இரண்டு முறை வாங்கிக்கொண்டார். சர்க்கரைப் பொங்கல் வாயில் வைத்ததும், "யாருக்குக்கா வளைகாப்பு?" என்று கேட்டார். கதையைச் சொன்னதும் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும், முகம் தெரியாத என் நாத்தனாருக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். தோணிக்காரர் ஒரு மூலையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, "மூணாவது தொறைய நாளைக்குப் பாத்துக்கலாம். மழை வுட்டதும் நேரா உங்க ஊருக்கே வுடறேன்" என்றார்.

மழை விட்டதும் நாங்கள் தண்ணீருக்கு வந்தோம். அப்படி ஒரு மாலையை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. கழுவிவிட்ட மாதிரி வானம். ஒவ்வொரு சரிவிலிருந்தும் செந்நிற ஓடைகள் இறங்கி அணையில் கலந்தன. தண்ணீர் ஓரத்தில் சிவப்பாகவும் நடுவில் பச்சையாகவும் இருந்தது. நாரைகள் கூட்டமாக எங்கள் தலைக்கு மேலே, சிறகுச் சத்தம் கேட்கும் உயரத்தில் போயின. மாமியார் கொப்புளம் வந்த கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தார். சம்பந்தி வீட்டில் என்ன சொல்லப்போகிறார்களோ என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அவருக்கும் அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்த மாலையை அதற்காக அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வயதில் எனக்கு அது அதிசயமாகப் பட்டது. இந்த வயதிலும் எனக்கு அது கைவரவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே தென்கரை வந்துவிட்டது. துறையில் சம்பந்தி வீட்டார் நின்றிருந்தார்கள். மழையில் நாங்கள் என்ன ஆனோமோ என்று கலங்கிப் போயிருந்தார்கள் போலிருக்கிறது. என் நாத்தனார் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். சம்பந்தியம்மாள் நல்ல மாதிரி, ஆனால் மரியாதை முறை ஒன்று குறைந்தாலும் பொறுக்காதவர். அவரே முன்னால் வந்து ஒரு குண்டானைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அது முகத்தில் இடிக்கப் பார்த்தது. அவ்வளவு இலேசு.

"இன்னா சம்மந்தி, கட்டுச்சோறு காத்தாட்டம் இருக்குது?"

மாமியார் சுற்றி வளைக்கவில்லை. "வழியில மழை புடிச்சிகிச்சி. கொட்டாயில ஒதுங்கினவங்க பசியில இருந்தாங்க. போட்டுட்டேன். உங்களுக்குன்னு ஆக்கினது, தப்புதான்."

சம்பந்தியம்மாள் முகம் இறுகிவிட்டது. துறைக்கு மேலே தெரிந்த வீட்டு வாசலில் பங்காளிகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். "நான் ஊரையே கூப்ட்டு வெச்சிருக்கறேன். இப்போ அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

"அடுப்பக் காட்டுங்க. அரிசி இருந்தாக் குடுங்க. ஒரு நொடியில ஆக்கிடறேன்."

"எங்க வூட்டு அரிசிய எங்க வூட்டு அடுப்புல ஆக்கிட்டு, அத்த உங்க கட்டுச்சோறுன்னு சொல்லுவீங்களா?"

"புளி எங்க மரத்துது, கையோட கொண்டாந்திருக்கறேன். அரிசி உங்களுது. ஆளுக்குப் பாதி. பொறக்கப்போற புள்ளையும் அப்பிடித்தானே?"

நின்றவர்களில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். சம்பந்தியம்மாள் உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "வாய் இருக்கறவளுக்கு இன்னா சொல்றது" என்று குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

தோணிக்காரரும் அவர் மனைவியும் போகவில்லை. அவர் துறையில் வலை போட்டிருந்த ஒருவரிடம் மீன் வாங்கி வந்து கொடுத்தார். அவர் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு அடுப்படியில் உட்கார்ந்தார். புளிச்சோறும் மீன் குழம்புமாக அந்த ஊர் அன்றைக்குச் சாப்பிட்டது. கட்டுச்சோற்றுக்கு மீன் குழம்பு எங்கள் சனத்தில் எந்த வழக்கத்திலும் இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தனியே எடுத்து வைத்திருந்த தூக்கை மாமியார் மகளிடம் கொடுத்தார். அவள் அதை யாருக்கும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, கடைசிப் பருக்கைவரை விரலால் வழித்துச் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய கதையைச் சொன்னேன்.

"அம்மா துடுப்புப் போட்டுச்சா, அண்ணி? நெஜமாவா?"

"கையப் போய்ப் பாரு."

அவள் எழுந்துபோய் அம்மாவின் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்று சிரித்தாள்.

மறுநாள் நாங்கள் தோணியில் திரும்பவில்லை. நிறைமாதப் பெண்ணைத் தண்ணீரில் அனுப்ப முடியாது என்று சம்பந்தியம்மாள் சொன்னார். மாமியார் ஒரு வார்த்தை மறுக்கவில்லை, அவரும் அதையேதான் நினைத்திருந்தார். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் பாதைவரை வந்து, பஸ் ஏறிச் செங்கம் வந்தோம். பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே மாமியார் மகள் தோளில் தூங்கிவிட்டார். அவ்வளவு களைப்பு.

ஆனி மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் சுலபமாக இல்லை, ஒரு பகல் முழுக்க வலி. நர்சம்மா மேலே வந்து சேரும்வரை மாமியார் மகளின் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். குழந்தை அழுததும், கை கழுவ வெளியே வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்தக் கட்டுச்சோற்று விஷயத்தைச் சம்பந்தியம்மாள் கடைசிவரை விடவில்லை. காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே சந்தித்தாலும், "காலிப் பாத்திரம் கொண்டாந்தவங்கதானே இவங்க" என்று நாலு பேர் முன்னால் ஆரம்பிப்பார். பாதி வருத்தம், பாதி பெருமை. ஆனால் கேட்கிறவர்களுக்கு முழுக்கதையையும் அவரேதான் சொல்வார், மழை, ஆலங்கட்டி, ஆடுகள் உட்பட. அங்கே இருந்தவள் நான். எனக்கே தெரியாத சில விஷயங்கள் அதில் வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போயின. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவை கேட்பவர் மாதிரி, "அப்பறம் இன்னா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.